கம்யூனிசத் தடுப்பு: அமெரிக்காவுக்கு அது அச்சமா, சாக்கா?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு வரிகள்தான். "கம்யூனிசம் பரவிவிடும் என்று அமெரிக்கா உண்மையிலேயே பயந்ததா, அல்லது பிற நாடுகளில் தலையிட அது ஒரு சாக்கா? 1947ல் கிரீஸுக்குப் பணம் கொடுத்ததும் பிறகு வியட்நாமில் குண்டு போட்டதும் ஒரே கொள்கைதானா?" உங்கள் உண்மையான கேள்வி இரண்டாவது வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு குறிப்பிட்ட எதிரியை மனதில் வைத்து வகுத்த கொள்கை, எப்படி உலகத்தின் எல்லா மூலைகளுக்கும் உரியதாக ஆனது? கல்லூரியில் பல ஆண்டுகள் உலக வரலாறு நடத்தியவன் நான். எந்தத் தொகுதி மாணவர்களாக இருந்தாலும் பனிப்போர்ப் பாடத்தில் இந்தக் கேள்வி எழாமல் இருந்ததில்லை. ரஷ்ய மொழி எனக்குத் தெரியாது. மாஸ்கோ ஆவணங்களை ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன். ஆகவே வாஷிங்டனைப் பற்றி நான் சொல்வதைவிட ஸ்டாலினின் மனதைப் பற்றிச் சொல்வதைச் சற்று எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அச்சம் உண்மையானது. ஆனால் நிதி ஒதுக்க மனமில்லாத காங்கிரஸை (அமெரிக்க நாடாளுமன்றத்தை) இணங்கவைப்பதற்காக அந்த அச்சம் ஊதிப் பெரிதாக்கப்பட்டது. அப்படிப் பெரிதாக்கிப் பேசியவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் அந்தப் பேச்சுக்கே கட்டுப்பட்டுப் போனார்கள். நான் படித்தவரை, வியட்நாமுக்குப் போகும் பாதை இங்கேதான் தொடங்குகிறது.

அச்சத்துக்கு ஆதாரம் இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது கிழக்கு ஐரோப்பாவின் பெரும்பகுதி சோவியத் ராணுவமான செம்படையின் கையில் இருந்தது. போலந்திலும் ருமேனியாவிலும் பல்கேரியாவிலும் எதிர்க்கட்சிகள் படிப்படியாக நசுக்கப்பட்டன. துருக்கியிடம் கார்ஸ், அர்தகான் பகுதிகளையும், கருங்கடலிலிருந்து வெளியேறும் நீரிணையில் படைத்தளத்தையும் சோவியத் ஒன்றியம் கேட்டது. வடக்கு ஈரானிலிருந்து 1946 மார்ச் 2ஆம் தேதிக்குள் படையை விலக்குவதாக ஒப்புக்கொண்டிருந்தும் கெடு கடந்தும் விலக்கவில்லை. உலக அரங்கில் எதிர்ப்பு கிளம்பிய பிறகே விலக்கியது. இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த எந்த வல்லரசும் கவலைப்பட்டிருக்கும்.

இந்தக் கவலைக்கு ஒரு கோட்பாட்டு வடிவம் கொடுத்தவர் ஜார்ஜ் கென்னன். மாஸ்கோவில் அமெரிக்கத் தூதரகத்தைத் தற்காலிகமாகப் பொறுப்பேற்று நடத்திக்கொண்டிருந்தவர். பன்னாட்டு நிதியத்திலும் உலக வங்கியிலும் சேர ரஷ்யர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்று வாஷிங்டனிலிருந்து விளக்கம் கேட்டிருந்தார்கள். காய்ச்சலோடு படுக்கையில் கிடந்த கென்னன், 1946 பிப்ரவரி 22 அன்று பல்லாயிரம் சொற்களில் ஒரு தந்தியைச் சொல்லச் சொல்ல எழுதவைத்து அனுப்பினார். சோவியத் ஆட்சிக்கு வெளியுலகப் பகை தேவைப்படுகிறது, ஏனென்றால் உள்நாட்டுச் சர்வாதிகாரத்துக்கு அதுவே நியாயம் என்றார் அவர். அவர்கள் ஹிட்லரைப் போலக் கண்மூடித்தனமாகப் பாய்பவர்கள் அல்லர், உறுதியான எதிர்ப்பு வந்தால் பின்வாங்குவார்கள் என்றும் எழுதினார். தந்தியின் கடைசிப் பகுதியைப் பலர் படிப்பதே இல்லை. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் சோவியத் தரப்பு மேற்குலகைவிடப் பலவீனமானது என்கிறார் அங்கே. இந்தச் சிக்கலைச் சமாளிக்கும் வேகத்தில் நாமும் அவர்களைப் போலவே ஆகிவிடுவதுதான் நமக்கு வரக்கூடிய மிகப் பெரிய ஆபத்து என்றும் எச்சரிக்கிறார்.

அடுத்த ஆண்டின் மூன்று வாரங்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1947 பிப்ரவரி 21, வெள்ளிக்கிழமை. வாஷிங்டனில் இருந்த பிரிட்டிஷ் தூதரகம் அமெரிக்க வெளியுறவுத் துறையிடம் இரண்டு குறிப்புகளைக் கொடுத்தது. கிரீஸுக்கும் துருக்கிக்கும் தாங்கள் அளித்துவரும் உதவி மார்ச் 31ஆம் தேதியோடு நிற்கும் என்பதே சாரம். போரில் கஜானா காலியாகிக் கடுங்குளிரில் நிலக்கரிக்கும் வழியில்லாமல் தவித்த பிரிட்டன், தன் பழைய செல்வாக்கு மண்டலத்தைக் கைகழுவியது. கிரீஸில் மன்னராட்சி ஆதரவு அரசுக்கும் கம்யூனிஸ்டுகள் தலைமையிலான கெரில்லாப் படைக்கும் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. வெளியுறவு அமைச்சர் மார்ஷலுக்கு அடுத்த நிலையில் இருந்த டீன் ஆச்சிசன், வார இறுதி முழுவதும் அதிகாரிகளை உட்கார்த்தி வைத்து வேலை வாங்கினார்.

சிக்கல் பணத்தில் இருந்தது. 1946 நவம்பர் தேர்தலில் காங்கிரஸின் இரு அவைகளும் குடியரசுக் கட்சியின் கைக்குப் போயிருந்தன. வரியைக் குறைப்போம், செலவை வெட்டுவோம் என்று சொல்லி வென்றவர்கள் அவர்கள். பிப்ரவரி 27 அன்று காங்கிரஸ் தலைவர்களை ஜனாதிபதி ட்ரூமன் வெள்ளை மாளிகைக்கு அழைத்தார். மார்ஷல் நிலைமையை உள்ளது உள்ளபடி விளக்கினார்; எடுபடவில்லை. அப்போது ஆச்சிசன் குறுக்கிட்டுப் பேச அனுமதி கேட்டார். ஒரு பீப்பாயில் ஓர் ஆப்பிள் அழுகினால் மற்றவையும் அழுகுவதுபோல, கிரீஸ் விழுந்தால் ஈரானுக்கும் கிழக்கே உள்ள எல்லா நாடுகளுக்கும் தொற்றும். எகிப்து வழியாக ஆப்பிரிக்காவுக்கும், இத்தாலி, பிரான்ஸ் வழியாக ஐரோப்பாவுக்கும் பரவும் என்றார். அறையின் மனநிலை மாறியது. இதையே காங்கிரஸிடமும் நாட்டு மக்களிடமும் சொன்னால் ஆதரிக்கிறேன் என்று குடியரசுக் கட்சி செனட்டர் வாண்டன்பர்க் கூறியதாக ஆச்சிசன் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். "மக்களை நடுநடுங்க வையுங்கள்" என்று வாண்டன்பர்க் சொன்னதாக ஒரு வாசகம் பாடநூல் வரை ஏறிவிட்டது. அது அன்றைய கூட்டக் குறிப்பு எதிலும் இல்லை. அதை மேற்கோளாகப் பயன்படுத்தாதீர்கள். ஆனால் பேரத்தின் சாரம் அதுதான் என்பதை மறுக்க முடியாது.

மார்ச் 12 அன்று ட்ரூமன் காங்கிரஸின் கூட்டுக் கூட்டத்தில் பேசினார். கேட்டது 40 கோடி டாலர்: கிரீஸுக்கு 30 கோடி, துருக்கிக்கு 10 கோடி. உலகப் போரில் செலவிட்ட 34,100 கோடி டாலரோடு ஒப்பிட்டால் இது ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம் என்று கணக்கும் சொன்னார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிரேக்கக் கிராமங்கள் எரிக்கப்பட்டதையும், குழந்தைகளில் 85 சதவீதம் பேருக்குக் காசநோய் இருப்பதையும் எடுத்துச் சொன்னார். கிரேக்க அரசு குறையற்றது அல்ல என்றும் ஒப்புக்கொண்டார். சோவியத் ஒன்றியத்தின் பெயரை அந்த உரையில் ஓரிடத்திலும் அவர் உச்சரிக்கவில்லை. ஆனால் ஆயுதமேந்திய சிறுபான்மையினரையோ வெளி நெருக்கடியையோ எதிர்த்து நிற்கும் சுதந்திர மக்களை ஆதரிப்பது அமெரிக்காவின் கொள்கையாக இருக்க வேண்டும் என்று ஒரு வாக்கியம் சொன்னார். எந்த நாட்டு மக்கள், எந்த எல்லை வரை, எவ்வளவு செலவில் என்று எதுவும் அதில் இல்லை. பின்னாளில் ட்ரூமன் கோட்பாடு என்று பெயர் பெற்றது இந்த ஒரு வாக்கியம்தான்.

இந்தக் குறையை அன்றே கண்டவர்கள் அரசுக்குள்ளேயே இருந்தார்கள். வரைவைப் படித்த கென்னன், மொழி மட்டுமீறிப் போகிறது என்று ஆட்சேபித்தார். மாஸ்கோ மாநாட்டுக்குப் போகும் வழியில் பாரிஸில் தங்கியிருந்த மார்ஷலுக்கும் அவருடன் இருந்த வெளியுறவுத் துறை அதிகாரி சார்லஸ் போலனுக்கும் கம்யூனிச எதிர்ப்பு ஆரவாரம் அதிகமாகப் பட்டது. கம்யூனிச அபாயத்தை அழுத்திச் சொல்லாவிட்டால் செனட் பணம் தராது என்று வாஷிங்டனிலிருந்து பதில் வந்ததாகப் போலன் எழுதியிருக்கிறார். செனட்டில் 67-23, பிரதிநிதிகள் அவையில் 287-107 என்ற கணக்கில் மசோதா நிறைவேறியது. உத்தி பலித்தது.

கிரேக்கக் கிளர்ச்சிக்குப் பின்னால் ஸ்டாலின் இருந்தாரா என்பது மேலும் கவனமாகப் பேச வேண்டிய விஷயம். 1944 அக்டோபரில் மாஸ்கோவில் சர்ச்சில் ஒரு தாளில் சதவீதக் கணக்கு எழுதி நீட்டினார். கிரீஸில் 90 சதவீதச் செல்வாக்கு பிரிட்டனுக்கு, ருமேனியாவில் 90 சதவீதம் ரஷ்யாவுக்கு. ஸ்டாலின் அதில் குறியிட்டுத் தந்தார். அதே ஆண்டு டிசம்பரில் ஏதென்ஸ் தெருக்களில் கிரேக்க இடதுசாரிகளைப் பிரிட்டிஷ் படை சுட்டபோது மாஸ்கோ வாய் திறக்கவில்லை. கெரில்லாக்களுக்கு முதன்மையாக உதவியவர்கள் யூகோஸ்லாவியாவின் டிட்டோவும், அல்பேனியா, பல்கேரியா அரசுகளும். இவ்வளவும் உறுதி. 1947ல் ஸ்டாலினும் ஓரளவு உதவிக்கு இசைந்தார் என்று பின்னாளில் கிடைத்த ஆவணங்கள் காட்டுகின்றன. 1948 தொடக்கத்தில் அந்தக் கிளர்ச்சியைச் சுருட்டிக்கொள்ளும்படி யூகோஸ்லாவியர்களிடம் அவரே சொன்னார். இந்த ஊசலாட்டத்துக்கு என்ன காரணம் என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. கிரீஸை மாஸ்கோ நேரடியாக ஆட்டுவித்தது என்று வாஷிங்டன் நம்பியது மிகை என்பது மட்டும் தெளிவு. 1948ல் டிட்டோவும் ஸ்டாலினும் பிரிந்தார்கள். கிரேக்கக் கம்யூனிஸ்டுகள் ஸ்டாலின் பக்கம் சாய்ந்தார்கள். 1949 ஜூலையில் டிட்டோ எல்லையை மூடினார். அமெரிக்க ஆயுதங்களும் ஆலோசகர்களும் நேபாம் குண்டும் ஒரு பக்கம், மூடிய எல்லை மறுபக்கம் என்று நெருக்க, அந்த அக்டோபரில் போர் முடிந்தது. கம்யூனிச நாடுகள் தமக்குள் முட்டிக்கொண்டதும் இந்த வெற்றிக்கு ஒரு காரணம். வாஷிங்டன் அந்தப் பாடத்தைக் கற்றிருந்தால் ஆசியாவில் எத்தனையோ உயிர்கள் மிஞ்சியிருக்கும்.

மேற்கு ஐரோப்பாவில் நடந்ததை விரைவாகக் கடக்கிறேன், ஏனென்றால் அங்கே இந்தக் கொள்கை நன்றாகவே வேலை செய்தது. போரில் சிதைந்த ஐரோப்பாவை மீட்டெடுக்கும் மார்ஷல் திட்டத்தில் 16 நாடுகளுக்குச் சுமார் 1,300 கோடி டாலர் போனது. சோவியத் ஒன்றியம் போட்ட பெர்லின் முற்றுகையை அமெரிக்கா போரில்லாமல் விமானங்களில் உணவும் நிலக்கரியும் ஏற்றி முறியடித்தது. 1949 ஏப்ரலில் மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோ பிறந்தது. கென்னனின் கணக்கில் தொழில் வலிமையும் போர் வலிமையும் உருவாகக்கூடிய மையங்கள் உலகில் ஐந்துதான்: அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியின் ரைன் பகுதி, ஜப்பான், சோவியத் ஒன்றியம். முதல் நான்கும் ஐந்தாவதன் கைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். இந்தக் கணக்கில் வியட்நாம் உள்ளிட்ட இந்தோசீனாவுக்கு இடமே இல்லை. ஆனால் 1947 ஜூலையில் அவர் பெயர் போடாமல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இந்த வரம்பைத் தெளிவாகச் சொல்லத் தவறிவிட்டார். பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் உடனே அதைப் பிடித்துக்கொண்டார்: உலகம் முழுக்க நீளும் எல்லையில் எதிரி தேர்ந்தெடுக்கும் இடத்திலெல்லாம் ஓடிப்போய் நிற்க வேண்டிவரும், தகுதியற்ற ஆட்சிகளைத் தூக்கிச் சுமக்க வேண்டிவரும் என்றார். கென்னன் மனதில் நினைத்தது ஒன்று. லிப்மன் பயந்தது வேறொன்று. நடந்தது லிப்மன் பயந்தது.

திருப்பம் 1949, 1950ல் வந்தது. சோவியத் அணுகுண்டுச் சோதனை, சீனாவில் மாவோவின் வெற்றி, இரண்டும் சில வார இடைவெளியில். கென்னனுக்குப் பின் வெளியுறவுத் துறையின் கொள்கைத் திட்டப் பிரிவுக்குத் தலைவராக வந்த பால் நிட்ஸெ தலைமையில் 1950 ஏப்ரலில் என்.எஸ்.சி.-68 என்ற ரகசிய ஆவணம் தயாரானது. சுதந்திர அமைப்புகள் எங்கே தோற்றாலும் அது எல்லா இடத்திலும் தோற்பதாகும் என்று அது வாதிட்டது. ஐந்து மையக் கணக்கு போயிற்று. உலகின் எந்தப் பொட்டல் வெளியும் முக்கியமானதாயிற்று. ஜூனில் கொரியப் போர் வெடித்ததும் அதற்கு உயிர் வந்தது. ஆண்டுக்கு 1,300 கோடி டாலராக இருந்த அமெரிக்க ராணுவச் செலவு சில ஆண்டுகளில் சுமார் 5,000 கோடியைத் தொட்டது.

அந்தப் பார்வை ஒரு சிறு நாட்டின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையைச் சொல்லலாம். 1952ல் கொரியப் போர்க்கால ரப்பர் விலை சரிந்தது. அரிசியோ சந்தையில் கிடைப்பது அரிதாகி விலையேறியது. ரப்பரை விற்று அரிசி வாங்கிப் பிழைக்கும் தீவு அது. அமெரிக்காவிடம் கேட்டுப் பார்த்து, கட்டுப்படியாகும் விலை கிடைக்காமல் சீனாவோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது: ஆண்டுக்கு 50,000 டன் ரப்பர் கொடுத்து 2,70,000 டன் அரிசி. கம்யூனிச நாடுகளுக்குப் போர்த் தளவாடப் பொருள்கள் விற்போருக்கு உதவி கிடையாது என்ற அமெரிக்கச் சட்டப்படி இலங்கைக்கு அமெரிக்க உதவி மறுக்கப்பட்டது. அப்போது ஆண்டது டட்லி சேனநாயக்க தலைமையிலான ஐக்கிய தேசியக் கட்சி, இடதுசாரிகளைக் கடுமையாக எதிர்த்த கட்சி. அவருக்குப் பின் வந்த ஜான் கொத்தலாவல 1955ல் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடிய பாண்டுங் மாநாட்டில் கிழக்கு ஐரோப்பாவைக் காட்டி, அதுவும் காலனி ஆதிக்கம்தானே என்று கேட்டுச் சீனப் பிரதமர் சூ என்லாயின் அதிருப்தியைச் சம்பாதித்தவர். இப்படிப்பட்ட ஆட்சியாளர்களும் மக்களுக்குச் சோறு போடச் சீனாவிடம்தான் போக வேண்டியிருந்தது. அந்தக் கொள்கைக்குப் பசி என்பது கண்ணில் படவே இல்லை என்பதை இப்போது படித்தாலும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, சாக்கு என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அதற்கு மிக வலுவான சான்றுகளாகக் காட்டப்படுபவை ஈரானும் குவாதமாலாவும். 1953 ஆகஸ்டில் ஈரான் பிரதமர் மொசாதெக் கவிழ்க்கப்பட்டதில் அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வுக்குப் பங்கு இருந்தது என்பதை 2013ல் வெளியான அந்த அமைப்பின் ஆவணமே ஒப்புக்கொள்கிறது. மொசாதெக் கம்யூனிஸ்ட் அல்லர். பிரிட்டிஷ் நிறுவனத்திடமிருந்து எண்ணெயை நாட்டுடைமை ஆக்கியவர். குவாதமாலாவில் ஜனாதிபதி ஆர்பென்ஸ் தரிசு நிலங்களை எடுத்து ஏழை உழவர்களுக்குப் பங்கிட்டார். பெரிதும் நிலம் இழந்தது அமெரிக்காவின் யுனைடெட் ஃபுரூட் நிறுவனம். 1954 ஜூனில் சி.ஐ.ஏ. ஏற்பாடு செய்த படையெடுப்பில் அவர் பதவி இழந்தார். நிறுவனத்துக்காகவே இது நடந்தது என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அவர் பதவி விலகிய சில நாட்களிலேயே அதே நிறுவனத்தின் மீது அமெரிக்க நீதித்துறை ஏகபோகத் தடுப்பு வழக்குப் போட்டது. வாழைப்பழ லாபம் மட்டுமே காரணம் என்றால் இது பொருந்தவில்லை. லாபக் கணக்கும் அச்சமும் ஒரே தலைகளுக்குள் ஒன்றாகவே இருந்தன என்பது என் கருத்து. எது எவ்வளவு என்று பிரித்து நிறுத்துக் காட்டியவர் எவரும் இல்லை. நில உச்சவரம்பு கேட்பவனையும் எண்ணெய் உரிமை கேட்பவனையும் மாஸ்கோவின் ஆளாகவே பார்க்கப் பழகிய கண்ணுக்கு, நேர்மையாகப் பயப்படுவதும் சொந்த லாபத்தைக் காப்பதும் வேறு வேறாகத் தெரியவில்லை.

வியட்நாமில் இந்தக் கோளாறு முழு உருவம் எடுத்தது. 1945 செப்டம்பர் 2 அன்று ஹனோயில் சுதந்திரப் பிரகடனம் செய்த வியட்நாம் விடுதலை இயக்கத் தலைவர் ஹோ சி மின், அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் வரிகளைச் சொல்லித்தான் தொடங்கினார். ட்ரூமனுக்குக் கடிதங்கள் எழுதினார், பதில் வரவில்லை. ஐரோப்பாவில் பிரான்ஸின் ஒத்துழைப்பு தேவை என்பதால் வியட்நாமைத் தன் காலனியாக வைத்துக்கொள்ள அது நடத்திய போருக்கு 1950 முதல் அமெரிக்கா பணம் கொடுத்தது. 1954 ஏப்ரலில் ஜனாதிபதி ஐசனோவர் வரிசையாகச் சரியும் டாமினோக் கட்டைகளைப் பற்றிப் பேசினார். ஆச்சிசனின் ஆப்பிள் பீப்பாய் உருமாறி வந்தது அது. ஹோ கம்யூனிஸ்ட் என்பது உண்மை, தேசியவாதி என்பதும் உண்மை. இரண்டாவதைப் பார்க்க வாஷிங்டன் மறுத்தது. 1964 ஆகஸ்ட் 4 அன்று டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் மீது வட வியட்நாம் நடத்தியதாகச் சொல்லப்பட்ட இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்று அமெரிக்க உளவு அமைப்பொன்றின் சொந்த ஆய்வே பின்னர் முடிவுக்கு வந்தது. அதை நம்பித்தான் செனட் 88-2 என்று போருக்கு வழிவிட்டது.

என்னை மிகவும் உலுக்கிய ஆவணம் 1965 மார்ச்சில் பாதுகாப்புத் துறை அதிகாரி ஜான் மெக்நாட்டன் எழுதிய குறிப்பு. வியட்நாம் போர் பற்றிக் கசிந்த ரகசியத் தொகுப்பான பென்டகன் ஆவணங்களோடு 1971ல் வெளிவந்தது. வியட்நாமில் அமெரிக்காவின் நோக்கங்களை அவர் சதவீதமாகப் பிரிக்கிறார். அவமானகரமான தோல்வியைத் தவிர்க்க 70 சதவீதம். அந்த நிலப்பகுதி சீனாவின் கைக்குப் போகாமல் தடுக்க 20 சதவீதம். தென் வியட்நாம் மக்கள் நல்ல, சுதந்திரமான வாழ்க்கையை அனுபவிக்க 10 சதவீதம். 1947ல் ட்ரூமன் யாருடைய பெயரால் நிதி கேட்டாரோ அந்தச் "சுதந்திர மக்கள்" பதினெட்டு ஆண்டுகளில் பத்து சதவீதத்துக்கு இறங்கியிருந்தார்கள். மீதியில் பெரும்பங்கு, சொன்ன சொல்லைக் காப்பாற்றத் தவறினால் மானம் போகும் என்ற பயம். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் செனட்டர் ஃபுல்பிரைட்டின் விசாரணைக் குழு முன் கென்னனே வந்து, ஏற்கெனவே அங்கே சிக்கியிருக்காவிட்டால் புதிதாகப் போய்ச் சிக்க ஒரு காரணமும் இல்லை என்றார். 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். வியட்நாமியரின் இறப்பு அதைப் போலப் பல மடங்கு, மதிப்பீடுகள் பல லட்சங்களிலிருந்து முப்பது லட்சத்துக்கு மேல் வரை போகின்றன.

1975ல் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் விழுந்தது; அதே ஆண்டில் லாவோஸும் கம்போடியாவும் கம்யூனிச ஆட்சிக்குப் போயின. தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா போகவில்லை. வியட்நாம் கம்போடியாவுக்குள் படை அனுப்பியது. 1979 பிப்ரவரியில் சீனா வியட்நாம் மீது படையெடுத்தது. ஒரே கயிற்றில் கட்டிய கம்யூனிச முகாம் என்ற எண்ணத்துக்கு இதைவிடப் பெரிய மறுப்பு தேவையில்லை. எதிர்த்தரப்பு வாதம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: அமெரிக்கா வியட்நாமில் போராடிய ஆண்டுகள்தான் தென்கிழக்கு ஆசியாவின் மற்ற நாடுகள் காலூன்ற அவகாசம் தந்தன என்று சிங்கப்பூரின் லீ குவான் யூ கடைசிவரை சொல்லிவந்தார். அந்த அவகாசம் போர் இல்லாமலும் கிடைத்திருக்குமா என்பதை நிரூபிக்க வழியில்லை. கிடைத்திருக்கும் என்பது என் சாய்வு.

1991ல் சோவியத் ஒன்றியம் உடைந்ததும் கொள்கை வென்றது என்று பலர் கொண்டாடினார்கள். சோவியத் அமைப்புக்குள்ளேயே அதன் அழிவுக்கான விதை இருக்கிறது, பொறுமையாகத் தடுத்து நின்றால் போதும் என்று 1947லேயே எழுதிய கென்னன் அந்தக் கொண்டாட்டத்தில் சேரவில்லை. பனிப்போரை எந்த நாடும் எந்தக் கட்சியும் வெல்லவில்லை என்று 1992ல் எழுதினார். மேற்கு ஐரோப்பாவைக் காத்ததையும் இந்தோசீனாவைச் சுட்டெரித்ததையும் ஒரே வெற்றிக் கணக்கில் எழுதுவதை நானும் ஏற்கமாட்டேன். தென் கொரியாவை மட்டும் நான் தனியாக வைப்பேன். 1950ல் வட கொரியத் தலைவர் கிம் இல் சுங்கின் படையெடுப்புத் திட்டத்துக்கு ஸ்டாலின் ஒப்புதல் தந்தார் என்பது மாஸ்கோ ஆவணங்கள் திறந்த பிறகு உறுதியாகிவிட்டது. அங்கே அமெரிக்கா எதிர்த்தது உண்மையான ஆக்கிரமிப்பை. ஆனால் அந்த அமெரிக்கப் படையே பிறகு இரு கொரியாக்களையும் பிரித்த 38ஆம் இணைகோட்டைக் கடந்து சீன எல்லை வரை ஏன் போனது என்பது வேறொரு நீண்ட கதை. தனிக் கேள்வியாகக் கேட்டீர்களானால் எழுதுகிறேன்.